பட்டுச்சேலை கட்டி "ஜாஸ்" பாடியவர்! மண்டபம் தர மறுத்த சர்க்காரை ஐகோர்ட்டில் ஜெயித்தார்!

வத்தலக்குண்டு:-

நெற்றியில் பெரிய பொட்டு. உடம்பில் காஞ்சீபுரம் பட்டு. தலையில் மல்லிகைப்பூ. கை நிறைய வளையல். பார்த்தால் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியம்மா மாதிரி இருக்கிறார். வாயைத் திறந்தால் வருவது இங்கிலீஷ் "ஜாஸ்" பாட்டு! அதுவும் கட்டைக் குரலில்!

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் கொடைக்கானல் பஸ்சுக்கும் பெரியகுளம் பஸ்சுக்கும் காத்து நிற்கிறவர்களின் செல்போனில் இந்த அம்மாள் அவ்வப்போது வந்து போகிறார். "யாருப்பா இந்தம்மா? நம்ம ஊர் ஆள் மாதிரி இருக்கு, பாட்டு வெள்ளைக்காரன் பாட்டா இருக்கே?" என்று பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கிறார்.

நம்ம ஊர் ஆள் மாதிரி என்ன? தமிழ்க் குடும்பத்துப் பெண்தான். பெயர் உஷா உதுப். 1947-ம் ஆண்டு நவம்பர் மாதம் பம்பாயில் பிறந்தவர். எண்பது வயதை நெருங்கியும் மேடையை விடவில்லை. 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண் பட்டம் வாங்கியவர்.

அவருடைய கதையில் பாட்டு இருக்கிறது. போலீஸ் இருக்கிறது. மந்திரி இருக்கிறார். கோர்ட்டும் இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

போலீஸ் வீட்டுப் பெண்

உஷாவின் அப்பா வைத்தியநாத் சோமேஷ்வர் சாமி, பம்பாய் போலீசில் அதிகாரி. மெட்ராஸ்காரக் குடும்பம். வீட்டில் ஓயாமல் ரேடியோ பாடும். கர்நாடக சங்கீதம், படே குலாம் அலிகான், கிஷோரி அமோன்கர், வெள்ளைக்காரர்களின் இசை என்று எல்லாம் ஒரே பெட்டியில் இருந்து வரும். பக்கத்து வீட்டிலும் போலீஸ் அதிகாரி, முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணின் சிநேகிதத்தில் உஷாவுக்கு இந்தி வந்தது. இந்துஸ்தானி சங்கீதத்திலும் ஆசை வந்தது.

உஷாவின் அக்காமார் மேடையில் பாடிப் பெயர் வாங்கியவர்கள். "சாமி சகோதரிகள்" என்றால் அந்தக் காலப் பம்பாயில் தெரியும். உஷாவுக்கும் பாட வேண்டும் என்று ஆசை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் நடந்தது வேறு. பாட்டு டீச்சர் குரலைக் கேட்டார். "இந்தக் குரல் பாட்டுக்கு ஒத்து வராது" என்று வகுப்பை விட்டு வெளியே அனுப்பி விட்டார். மற்றப் பெண்களுக்கு எல்லாம் கீச்சுக் குரல். இவருக்கு மட்டும் அடித்தொண்டைக் குரல். ஆனாலும் பிள்ளைக்கு இசை ஆசை இருப்பதைப் பார்த்து, கையில் தட்டுகிற தாளக் கருவிகளைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள்.

சிறு வயதிலேயே சிலோன் ரேடியோவில் பாடும் வாய்ப்பு கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர், ரேடியோ அறிவிப்பாளர்களில் பெரிய பெயரான அமீன் சயானி. அப்போது உஷாவுக்கு வயது 9. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த அலைவரிசையின் அருமை தெரியும்.

மவுண்ட் ரோடு "நைட் கிளப்"

1969-ம் ஆண்டு. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் சபையர் தியேட்டர். ஒரே கட்டிடத்தில் சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்கள். ஊரில் இருந்து மெட்ராஸ் போகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்த இடம். இப்போது அந்தத் தியேட்டர் இல்லை.

அந்தக் கட்டிடத்தில் "நைன் ஜெம்ஸ்" என்று ஒரு நைட் கிளப் இருந்தது. மெட்ராசுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த உஷா அங்கே போனார். பாடச் சொன்னார்கள். பாடினார். உட்கார்ந்திருந்தவர்கள் அசந்து போனார்கள். அப்படியே வேலைக்கு எடுத்துக் கொண்டார்கள்.

அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது; 1971-ல்தான் தளர்ந்தது. நைட் கிளப் என்ற வார்த்தையைச் சொன்னாலே வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக் கொள்வார்கள். சினிமாவில் "கிளப் டான்ஸ்" என்றால் அரைகுறை உடை, வில்லன் மேஜை, புகை மண்டலம்.

அந்த மாதிரி இடத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண், பின் குத்திய சேலையும் பூவுமாக வந்து நின்றால் எப்படி இருக்கும்? இது ஏதோ யோசித்துச் செய்த தந்திரம் அல்ல. "எங்க அம்மா சேலை கட்டினார், நானும் கட்டினேன்" என்கிற ரீதியில்தான் உஷா பேட்டிகளில் சொல்லி வந்திருக்கிறார். ஆனால் பலன் வேறு மாதிரி ஆயிற்று. நைட் கிளப்புக்குக் குடும்பத்தோடு வர ஜனங்களுக்குத் தைரியம் வந்தது.

மெட்ராசில் இருந்து பம்பாய், அங்கிருந்து கல்கத்தா. கல்கத்தா பார்க் தெருவில் "டிரிங்காஸ்" ஓட்டல். அந்தத் தெரு அப்போது ஜாஸ் இசைக்குப் பெயர் போனது. அங்கேயும் அதே பட்டுச்சேலை. கேரளாவைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப்பை அங்கேதான் சந்தித்தார். பிறகு கல்யாணம். கணவர் 2024-ம் ஆண்டு ஜூலையில் காலமானார்.

டெல்லி ஓட்டலில் பாடியபோது நடிகர் தேவ் ஆனந்த் கேட்டார். 1971-ல் "ஹரே ராமா ஹரே கிருஷ்ணா" படத்தில் வாய்ப்பு வந்தது. தமிழில் 1975-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்த "மேல்நாட்டு மருமகள்" படத்தில் பாடினார். இசை குன்னக்குடி வைத்தியநாதன். பட்டை பட்டையாய் விபூதி பூசிய வித்வான் படத்தில் இங்கிலீஷ் பாட்டு! 1990-ல் இளையராஜா இசையில் "அஞ்சலி" படத்தில் இவர் பாடிய பாட்டு, குழந்தைகள் கும்மாளம் போட்ட பாட்டு.

ஜாஸ் என்றால் என்ன?

"ஜாஸ் ஜாஸ்னு சொல்றாங்களே, அது என்ன மேளமா, தாளமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே கறுப்பு இன மக்கள் மத்தியில் ஏறக்குறைய 1900-ம் ஆண்டை ஒட்டிப் பிறந்த இசை ஜாஸ். அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகளின் இசை. முதல் ஜாஸ் ரிக்கார்டு 1917-ல் வெளிவந்தது.

அந்த ஊரில் ஒரு பழக்கம். யாராவது செத்தால் பேண்டு வாத்தியம் முன்னால் போகும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாக அழுகை இசை. அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் இசை, ஆட்டம். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை பக்கத்தில் பெரிய சாவுக்குத் தப்பும் உறுமியும் நாயனமும் போவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசாகத் தெரியாது. அழுகிற வீட்டில் ஆட்டமும் உண்டு.

ஜாசின் சூட்சுமம் இதுதான்: பாட்டு ஒன்று இருக்கும். அதற்கு அடியில் பியானோவோ கிட்டாரோ ஒரு சுற்றை வாசித்துக் கொண்டே இருக்கும். அந்தச் சுற்றுக்குள் நின்று, ஒவ்வொருவராக அந்த நிமிஷத்தில் மனசில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நேற்று வாசித்தது மாதிரி இன்று வாசித்தால் மதிப்பில்லை. தட்டு விழ வேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். அதனால்தான் கேட்கிறவன் காலும் தானாக ஆடுகிறது.

நம்ம ஊர்க் கச்சேரியில் கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் என்று செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். நையாண்டி மேளத்தில் நாயனக்காரரும் தவில்காரரும் ஒருவரை ஒருவர் மடக்குவதும் இதே வேலைதான். லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற ஜாஸ் மேதை 1926-ல் வார்த்தையே இல்லாமல் வெறும் ஓசையால் பாடி ரிக்கார்டு கொடுத்தார். நம்ம ஊரில் "தகதிமி தகஜுணு" என்று கொன்னக்கோல் சொல்கிறவர் கேட்டால் "இது நம்ம சரக்காச்சே" என்பார்.

பழனி மிருதங்கமும் அமெரிக்க டிரம்சும்

இந்தச் சம்பந்தம் சும்மா சொல்வது அல்ல. நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கே இதில் பங்கு உண்டு.

1958-ம் ஆண்டு டேவ் புரூபெக் என்ற அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் தன் குழுவோடு இந்தியா வந்தார். மெட்ராசுக்கும் வந்தார். அவருடைய டிரம்ஸ் வாத்தியக்காரர் ஜோ மொரெல்லோ அங்கே சந்தித்தவர், பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடது கையால் மிருதங்கம் வாசித்து எல்லோரையும் கட்டிப் போட்ட பழனிக்காரர்! பாஷை தெரியாத இரண்டு பேர் தாளத்தால் பேசிக் கொண்டார்கள்.

அடுத்து 1980-ல் பம்பாய் ஜாஸ் விழா மேடையில் கத்ரி கோபால்நாத் ஏறினார். ஜாஸ்காரர்களின் சாக்சபோனில் தியாகராஜர் கீர்த்தனை வாசித்த மனிதர். 1994-ல் "டூயட்" படத்தில் அவர் வாசித்த பிறகுதான் பட்டிதொட்டி எல்லாம் சாக்சபோன் என்ற பேர் பரவியது.

வத்தலக்குண்டில் இருந்து மேற்கே தேனியைத் தாண்டிப் போனால் பண்ணைப்புரம். அங்கே பிறந்த இளையராஜா 1986-ல் "ஹவ் டு நேம் இட்" என்ற இசைத்தட்டில் தியாகராஜரையும் ஜெர்மன் மேதை பாக்கையும் சேர்த்து வைத்தார்.

பழசும் புதுசும் ஒரே மேடையில்

உஷா உதுப் முழுக்க முழுக்க ஜாஸ் மட்டும் பாடுகிறவர் அல்ல. அவர் கடை பலசரக்குக் கடை. ஜாஸ், பாப், இந்தி சினிமா, வங்காளிப் பாட்டு, மலையாளம், தமிழ் என்று எல்லாம் இருக்கும். பதினைந்துக்கு மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியிருக்கிறார்.

மேடைக்கு வந்ததும் முதலில் கும்பிடு. பிறகு சபையோடு பேச்சு. "பீவர்" என்று ஒரு பழைய பாட்டு. அமெரிக்காவில் பெக்கி லீ 1958-ல் பாடிப் பிரபலப்படுத்தியது. அதை இவர் கட்டைக் குரலில் எடுத்தால் விரல் சொடுக்குச் சத்தமும் பாட்டும் மட்டும்தான் கேட்கும். அடுத்து 1980-களில் வடநாட்டையே ஆட வைத்த இந்தி "டிஸ்கோ" பாட்டு வரும். அதற்கடுத்து நேற்று வந்த இங்கிலீஷ் பாட்டு. ஜேம்ஸ்பாண்டு படத்துக்கு அடெல் பாடிய "ஸ்கைபால்" பாட்டை இவர் பாடி விட்டார். 2023-ல் மைலி சைரஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் "பிளவர்ஸ்" பாட்டை, தான் முன்பு பாடிய அதே டிரிங்காஸ் ஓட்டலில் பாடினார். அந்தக் காட்சிதான் செல்போன் செல்போனாகப் பரவியது. பேத்தி வயதுப் பெண்ணின் பாட்டைப் பாட்டி பாடினார். பேரன்மார் கை தட்டினார்கள்!

காலில் செருப்பு இல்லை. பட்டுச்சேலைத் துணியால் தைத்த ஓடுகிற ஷூ! சேலைக்குப் பொருத்தமான ஷூ. இரண்டு மணி நேரம் நின்று பாட வேண்டாமா?

மந்திரி போட்ட தடை

இவ்வளவு புகழும் சும்மா வந்து விடவில்லை.

1980-களின் தொடக்கம். மேற்கு வங்காளத்தில் இடதுசாரி ஆட்சி. பொதுப்பணி மந்திரி ஜதின் சக்ரவர்த்தி. உஷா உதுப்பின் பாட்டு "அபசம்ஸ்கிருதி" என்று சொன்னார். அதாவது பண்பாட்டைக் கெடுக்கிற சமாச்சாரம். மேல்நாட்டு ஆட்டம் பாட்டத்தால் வாலிபப் பிள்ளைகள் சொந்தப் பண்பாட்டை மறந்து போவார்கள் என்பது அந்தப் பக்கத்து வாதம்.

வாதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்கத்தாவில் "மகாஜாதி சதன்" என்று ஒரு பெரிய மண்டபம். 1939-ல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் கேட்டுக் கொண்டபடி கவி தாகூர் அடிக்கல் நாட்டிய மண்டபம். அங்கே பாட உஷாவுக்கு மண்டபம் தர முடியாது என்று மறுக்கப்பட்டது.

ஒரு பாட்டுக்காரிக்கு மேடைதான் கடை. கடையைப் பூட்டினால் அரிசி எப்படி வாங்குவது? அவரோடு வாத்தியக்காரர்கள், மைக் செட்டுக்காரர், விளக்குப் போடுகிறவர் என்று பத்துப் பதினைந்து குடும்பங்கள்.

"பெரிய இடத்து விவகாரம், நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கியிருக்கலாம். வேறு ஊருக்குப் போயிருக்கலாம். போலீஸ்காரர் மகள் ஒதுங்கவில்லை. நேராகக் கல்கத்தா ஐகோர்ட்டுப் படி ஏறினார்.

ஐகோர்ட்டுத் தீர்ப்பு

"உஷா உதுப் எதிர் மேற்கு வங்காள அரசு" என்ற அந்த வழக்கு 1984-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் ஏறி இருக்கிறது. பேச்சுரிமை பற்றிப் படிக்கிற சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம்.

தீர்ப்பின் சாரம் இதுதான்: பாட்டு நல்ல பாட்டா, மட்டமான பாட்டா என்று தீர்மானிப்பது சர்க்காரின் வேலை அல்ல. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தந்திருக்கிற பேச்சுரிமையில் பாட்டும் சேர்ந்தது. தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பொது மண்டபத்தை ஒருவருக்கு மட்டும் மறுக்கக் கூடாது.

உஷா ஜெயித்தார்.

பிடிக்காதவர்கள் டிக்கெட் வாங்காமல் வீட்டில் இருக்கலாம். மண்டபத்தைப் பூட்டுவதற்கு அது காரணம் ஆகாது.

சிவா பிறந்த ஊர்

வாய்ப்பூட்டு என்றால் என்ன என்று வத்தலக்குண்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். தியாகி சுப்பிரமணிய சிவா 1884-ல் பிறந்த ஊர் இது. மேடையில் பேசினார் என்பதற்காக 1908-ல் வெள்ளைக்கார சர்க்கார் அவரையும் வ.உ.சி.யையும் ஜெயிலில் போட்டது. ஜெயிலில் தொழுநோய் வந்தது. விடுதலை ஆன பிறகும் ரெயிலில் ஏறக் கூடாது என்று தடை. ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் காலமானார்.

அவர் பட்ட பாடும் பாட்டுக்காரி பட்ட பாடும் ஒன்றல்ல. அது உயிர்ப் போராட்டம். இது மண்டபத் தகராறு. ஆனால் "உன் வாயை நான் மூடுவேன்" என்கிற அதிகாரத்தின் குரல் இரண்டிலும் ஒன்றுதான்.

திருவிழா வந்தால் மதுரை கோர்ட்டு

இதில் நம்ம பக்கத்து ஜனங்களுக்கு நேரடியான சங்கதியும் இருக்கிறது.

திருவிழாக் காலம் வந்தால் திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டங்களில் "ஆடல் பாடல்" நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி கேட்டு ஊர்ப் பெரியவர்கள் அலைகிறார்கள். சண்டை வரும், ஆபாசம் இருக்கும் என்று போலீசார் மறுப்பார்கள். ஊர்க்காரர்கள் வரி போட்டு வக்கீல் வைத்து, 2004-ல் திறக்கப்பட்ட ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போவார்கள். "ஆபாச ஆட்டம் கூடாது, சாதி, கட்சி பேரைச் சொல்லிப் பாடக் கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டு அனுமதி தருவது அங்கே வழக்கம்.

போலீஸ் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மேடைக்குக் கீழே குடித்து விட்டு ஆடுகிறவன் பக்கத்துத் தெருக்காரன் மண்டையை உடைத்தால் கேசு போட வேண்டியவர் அவர்தான். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் சட்டம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நெஞ்சு வலிக்காரரும் தூங்க வேண்டும்.

ஆனால் சண்டைக்குப் பயந்து நேரம் குறிப்பது வேறு. பாட்டே பிடிக்கவில்லை என்று மேடையைப் பிடுங்குவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட வழக்குகளில் ஒன்றுதான் உஷா உதுப் வழக்கு. கரகாட்டக்காரிக்கும் மைக் செட்டுக்காரருக்கும் அந்தத் தீர்ப்பில் பங்கு உண்டு.

பொட்டில் இருக்கும் எழுத்து

பள்ளிக்கூடத்தில் "குரல் சரியில்லை" என்று ஒதுக்கிய பெண். அதே குரலால்தான் இன்று எங்கே பாடினாலும், முகம் பார்க்காமலே "உஷா உதுப்" என்று கண்டுபிடித்து விடுகிறார்கள். குறை என்று சொன்னதே அடையாளம் ஆகி விட்டது.

மண்டபம் தர மாட்டேன் என்ற ஊரை அவர் விட்டுப் போகவும் இல்லை. இன்றும் கொல்கத்தாவில்தான் வாசம். அங்கே அவரை எல்லோரும் "தீதி" (அக்கா) என்று கூப்பிடுகிறார்கள்.

அடுத்த தடவை செல்போனில் அவரைப் பார்த்தால் நெற்றிப் பொட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் ஒரு எழுத்து இருக்கும். வங்காளி பாஷையில் "க".

கொல்கத்தாவுக்கு முதல் எழுத்து!